சோடா பாட்டில் வழக்கும் நீதிபதி ரோஜர் டிரெய்னரும்

வாசகர் கேள்வி: நேற்று ஒரு பதிலில் ரோஜர் டிரெய்னர் என்பவரைக் ‘கலிபோர்னியா உச்ச நீதிமன்ற நீதிபதி’ என்று எழுதியிருந்தீர்கள். மாநிலத்தில் இருப்பது உயர் நீதிமன்றம்தானே? மொழிபெயர்ப்பில் தப்பு நடந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்படியே சரி என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மாநில நீதிபதியைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது? பெரிய விஷயங்களை எல்லாம் தலைநகரில் இருப்பவர்கள்தானே முடிவு செய்கிறார்கள்?

மார்ச் 4, இரவு 9.50

தப்பில்லை. அமெரிக்காவில் 50 மாநிலங்களுக்கும் தனித்தனி அரசியலமைப்பு, தனித்தனிச் சட்டம், அதன் உச்சியில் தனித்தனி உச்ச நீதிமன்றம். நம் உயர் நீதிமன்றத் தீர்ப்பின்மேல் எந்த விஷயமானாலும் டெல்லிக்குப் போகலாம். அங்கே அப்படி இல்லை. ஒப்பந்தம், நஷ்டஈடு, சொத்து, திருமணம் இவையெல்லாம் மாநிலச் சட்டம். அதில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னால் சொன்னதுதான். நாட்டின் அரசியலமைப்போ நாடு முழுமைக்குமான சட்டமோ சம்பந்தப்பட்டால்தான் வாஷிங்டன் உள்ளே வரும்.

பெயரும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. நியூயார்க்கில் ‘உச்ச நீதிமன்றம்’ என்ற பலகை விசாரணை நீதிமன்றத்தில் தொங்கும், உச்சியில் இருப்பதன் பெயர் மேல்முறையீட்டு நீதிமன்றம். பெஞ்சமின் கார்டோசோ அங்கே இருந்தபோதுதான், 1916இல், நேரடியாகத் தன்னிடம் வாங்காதவருக்கும் கார் கம்பெனி பொறுப்பு என்று தீர்ப்பு எழுதினார். மாநில நீதிபதி எழுதிய தீர்ப்புதான் அது. இன்றுவரை உலகம் முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

ஆனால் நான் பேச வந்தது டிரெய்னரைப் பற்றி. 1940 முதல் 1970 வரை கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர், கடைசி ஆறு ஆண்டுகள் தலைமை நீதிபதி. என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, ஒரு கலர் சோடா பாட்டிலிலிருந்து தொடங்குகிறேன்.

மார்ச் 4, இரவு 11.30

மெர்செட் என்ற ஊரில் ஓர் உணவகம். டிரைவர் கொண்டுவந்து இறக்கிய கொக்கோ கோலா பெட்டிகள் கவுண்டருக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக 36 மணி நேரத்துக்கு மேல் சும்மா இருந்தன. யாரும் தொடவில்லை. பரிமாறும் வேலை செய்த பெண் மேல் பெட்டியிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கிறார். மூன்று வைத்தாயிற்று. நாலாவதை எடுத்துப் பாதி வழி போவதற்குள் கையிலேயே வெடித்தது. ஐந்து அங்குல வெட்டு. கட்டைவிரல் பக்கத்து நரம்பும் தசையும் ரத்தக்குழாயும் அறுந்தன.

வழக்கு 1944இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. எஸ்கோலா வழக்கு என்று பெயர். கம்பெனி எங்கே கவனக்குறைவாக இருந்தது என்று அந்தப் பெண்ணால் காட்ட முடியவில்லை. எப்படிக் காட்டுவார்? ஆலைக்குள் அவர் போனதே இல்லை. ‘கவனமாக இருந்திருந்தால் பாட்டில் இப்படி வெடித்திருக்காது, நடந்த சம்பவமே சாட்சி’ என்ற பழைய விதியை வைத்துப் பெரும்பான்மை நீதிபதிகள் அவருக்குச் சாதகமாக முடித்தார்கள்.

டிரெய்னரும் அதே முடிவுதான். ஆனால் காரணத்தை வேறாக, தனித் தீர்ப்பாக எழுதினார். கவனக்குறைவு இருந்ததா என்று தேடுவதையே விட்டுவிடலாம் என்றார். வாங்குகிறவர் சோதித்துப் பார்க்காமல்தான் பயன்படுத்தப் போகிறார் என்று தெரிந்தே ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்புகிறாய், அதில் குறை இருந்து மனிதருக்குக் காயம் பட்டால் நீ பொறுப்பு. அவ்வளவுதான். அடிபட்டவருக்கு அந்தச் செலவு குடும்பத்தையே சாய்த்துவிடும். உற்பத்தி செய்கிறவர் காப்பீடு எடுத்து, விலையில் சேர்த்து, எல்லார் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட முடியும். இதுதான் அவர் வாதத்தின் சாரம்.

மற்ற நீதிபதிகள் யாரும் அதில் கையெழுத்துப் போடவில்லை. எழுதிவிட்டுக் காத்திருந்தார், 19 ஆண்டுகள்.

மார்ச் 5, காலை 7.10

19 ஆண்டு என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். மிச்சம் இது.

1963. கிரீன்மேன் வழக்கு. ஒரே மெஷினில் ரம்பம், துளைப்பான், மரக் கடைசல் மூன்றும் சேர்ந்த ஒரு கருவி. கிரீன்மேனுக்கு அவர் மனைவி 1955 கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்தது. 1957இல் கடைசலுக்கான துணைப் பாகங்களை வாங்கி, பெரிய மரக்கட்டை ஒன்றைக் கிண்ணமாகக் கடைந்துகொண்டிருந்தபோது கட்டை எகிறி நெற்றியில் அடித்தது. பாகங்களை இறுக்கிப் பிடிக்கும் திருகுகள் போதவில்லை. கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? உத்தரவாதத்தை மீறினோம் என்றால் உடனே தெரிவித்திருக்க வேண்டும், இவர் பத்தரை மாதம் கழித்துத்தான் கடிதம் போட்டார் என்றது.

இந்த முறை தீர்ப்பு எழுதியது டிரெய்னர். நீதிமன்றம் முழுக்க அவரோடு. அடிபட்டுக் கிடக்கிறவருக்குக் கம்பெனிக்குக் கடிதம் போட வேண்டும் என்று எப்படித் தோன்றும் என்கிற பொருளில் எழுதி, 1944இல் தனியாகச் சொன்னதை இப்போது சட்டமாகவே ஆக்கினார். இரண்டே ஆண்டில், நாடு முழுக்க வழக்கறிஞர்கள் நம்பி எடுக்கும் நஷ்டஈட்டுச் சட்டத் தொகுப்பில் அந்த விதி ஏறிவிட்டது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

மார்ச் 5, இரவு 10.05

அவர் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

1900இல் யூட்டா மாநிலத்தில் பார்க் சிட்டி என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். படிக்க கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அரசியல் அறிவியலில் முனைவர் பட்டமும் சட்டப் பட்டமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடித்தார். அங்கேயே சட்டப் பேராசிரியர். வரிச் சட்டம்தான் அவர் துறை. 1930களில் கலிபோர்னியா விற்பனை வரிச் சட்டத்தை வரைந்ததில் அவருக்கு முக்கியப் பங்கு. வழக்கு நடத்திப் பெயர் வாங்கியவர் இல்லை, கீழ் நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நீதிபதியாக இருந்தவர் இல்லை. வகுப்பறையிலிருந்து நேராக உச்ச நீதிமன்றம்.

அந்த நியமனமே ஒரு கதை. ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் முதலில் பெயர் கொடுத்தது மேக்ஸ் ரேடின் என்ற இன்னொரு பெர்க்லி பேராசிரியருக்கு. ஆளுநர் பெயர் சொன்னால் மட்டும் போதாது, மூன்று பேர் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி என்ற முறையில் அந்தக் குழுவில் ஏர்ல் வாரன் இருந்தார். ரேடின் இடதுசாரிச் சாய்வுள்ளவர் என்று சந்தேகம், நியமனம் விழுந்தது. அதற்கு அடுத்து வந்த பெயர்தான் டிரெய்னர். சக பேராசிரியருக்குக் கிடைக்காத நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வாரனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

மார்ச் 6, இரவு 10.40

‘உங்களுக்கு இவர்மேல் என்ன இவ்வளவு பிடிப்பு’ என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

2009 கோடை. நான் தனியாக வழக்கு எடுக்கத் தொடங்கி மூன்றாவது வருஷம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாமாவின் பெட்டிக்கடையில் நிற்கும் பையன், 19 வயது. கலர் பாட்டில்களைப் பெட்டியிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒன்று வெடித்தது. வலது உள்ளங்கை. கட்டைவிரலை மடக்கும் நரம்பு போய்விட்டது. கையை வேட்டித் துணியில் சுற்றிக்கொண்டு மாமா ஆட்டோ பிடித்து ஓடினார். திரும்பி வந்தால் கடை வாசல் சுத்தமாக இருக்கிறது. பக்கத்துக் கடை அம்மா நல்ல மனசோடு விளக்குமாறு எடுத்துச் சில்லையெல்லாம் கூட்டி அள்ளி, குப்பை வண்டியில் போட்டுவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிற இடம்.

நுகர்வோர் மன்றத்தில் மனுப் போட்டேன். எதிர்த்தரப்பில் பெரிய வக்கீல். மூன்று கேள்விதான் கேட்டார். கடைக்காரர் மறுபடி விற்கத்தானே வாங்கினார், அப்புறம் எப்படி நுகர்வோர் ஆவார்? பையன் வாங்கவே இல்லையே, அவன் யார்? கடைசியாக, பாட்டில் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு நான் எழுந்து நின்றேன். வாயில் ஒன்றும் வரவில்லை. மனு தள்ளுபடி.

ரொம்ப நாள் கழித்துத்தான் எஸ்கோலா தீர்ப்பை முழுதாகப் படித்தேன். உண்மைகளைச் சொல்லும் பகுதியில் ஒரு வரி. உடைந்த பாட்டில் விசாரணையில் காட்டப்படவில்லை, துண்டுகளைக் கடை ஊழியர் ஒருவர் அப்போதே எறிந்துவிட்டார். அந்தப் பெண் துண்டுகள் எப்படி இருந்தன என்று சொல்ல, பாட்டில் எங்கே உடைந்தது என்று படம் வரைந்திருக்கிறார்கள். ராத்திரி ஒரு மணி இருக்கும். அந்த வரியையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மெர்செட்டிலும் கூட்டித்தான் தள்ளியிருக்கிறார்கள். ஆனாலும் அவர் ஜெயித்தார். பெட்டி இறக்கும் டிரைவர் ஒருவர் கூண்டேறி, வேறு பாட்டில்கள் வெடித்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். எங்கள் ஊர் லாரி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதைப் பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7, காலை 6.45

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஐயா ஒருவர், ‘சிவில் கோர்ட்டுக்குப் போயிருக்கலாமே’ என்கிறார். போயிருக்கலாம். அப்போது தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீ நூற்றுக்கு ஏழரை. மூன்று லட்சம் கேட்டால் 22,500 ரூபாய் முதலில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்திடம் ஆஸ்பத்திரி பில் கட்டவே பணம் இல்லை. 2017இல்தான் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இன்னொன்று. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில். 84ஆம் பிரிவைப் படியுங்கள். தயாரிப்பில் குறை இருந்தால் உற்பத்தியாளர் பொறுப்பு. எக்ஸ்பிரஸ் வாரண்டி, அதாவது வெளிப்படையாகச் சொன்ன உத்தரவாதம், கொடுத்ததில் தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது. முதல் தடவை படித்தபோது டிரெய்னரின் குரல் கேட்ட மாதிரி இருந்தது. 1944இல் ஒரு மாநில நீதிபதி துணைக்கு ஆள் இல்லாமல் எழுதிய யோசனை, இன்று எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் வாதாடும் பிரிவாக இருக்கிறது. முதல் கேள்வி கேட்டவருக்கு என் பதில் இதுதான்.

மார்ச் 8, இரவு 9.20

அவருடைய இன்னொரு தீர்ப்பைச் சொல்லாமல் விட்டால் பாதி மனிதரைத்தான் சொன்னதாகும்.

1948, பெரஸ் வழக்கு. ஆண்ட்ரியா பெரஸ் மெக்சிகோ வம்சாவளிப் பெண், சட்டத்தின் கணக்கில் வெள்ளையர். சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பினத்தவர். லாஸ் ஏஞ்சலஸ் அலுவலகத்தில் திருமண உரிமம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. வெள்ளையர் கறுப்பினத்தவரையோ, மங்கோலியரையோ, மலாய் இனத்தவரையோ மணந்தால் செல்லாது என்று மாநிலச் சட்டம். ‘அவரவர் இனத்துக்குள் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாமே, எல்லோருக்கும் ஒரே விதிதானே, இதில் பாகுபாடு எங்கே’ என்றது அரசுத் தரப்பு.

டிரெய்னர் எழுதிய பதிலை ஜூனியர்களுக்கு நான் வாசித்துக் காட்டுவதுண்டு. திருமண உரிமையின் உயிரே, தான் தேர்ந்தெடுத்த அந்த ஒருவரோடு சேரும் சுதந்திரம்தான். ஒரு ரயில் பெட்டிக்குப் பதில் இன்னொரு பெட்டியில் ஏறிக்கொள் என்று சொல்வதுபோல, இவருக்குப் பதில் அவர் என்று மனிதர்களை மாற்றிக்கொள்ளச் சொல்லும் கொள்கை அவர்களுடைய மதிப்பையும் மானத்தையும் பறிக்கிறது என்றார். 

நான்குக்கு மூன்று. டிரெய்னரின் பெரும்பான்மைத் தீர்ப்பால் அந்தச் சட்டம் விழுந்தது. நாடு முழுமைக்கும் அதே முடிவு வந்தது 1967இல், லவ்விங் வழக்கில். கணக்குப் போட்டுப் பாருங்கள், இதற்கும் 19 ஆண்டு. அந்தத் தீர்ப்பை எழுதியவர் அப்போது நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த ஏர்ல் வாரன். பெரஸ் தீர்ப்பை அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊரில் சாதி மாறிக் கல்யாணம் பண்ண வரும் பிள்ளைகளிடம் பெற்றோர் சொல்வதும் அதுதான். ‘நம்ம ஆளுகள்ல எத்தனையோ பிள்ளைக இருக்கே.’ என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து அப்படிச் சொன்ன அப்பா ஒருவரிடம் ரயில் உவமையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 9, காலை 8.00

திருத்தம். ‘டிரெய்னரின் பெரும்பான்மைத் தீர்ப்பு’ என்று நேற்று எழுதியது சரியில்லை. சட்டம் செல்லாது என்பதில்தான் நான்கு பேர். அவர் சொன்ன சமத்துவக் காரணத்தோடு நின்றவர்கள் அவரையும் சேர்த்து மூன்றே பேர். நாலாவது நீதிபதி எட்மண்ட்ஸ், திருமணம் மத சுதந்திரத்தில் அடங்கியது என்ற வேறு வழியில் வந்து சேர்ந்தார். மணமக்கள் இருவரும் கத்தோலிக்கர்கள், அவர்கள் வழக்கறிஞர் டேனியல் மார்ஷல் எடுத்த முக்கிய வாதமே அதுதான். எட்மண்ட்ஸ் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால் மூன்றுக்கு நான்கில் தோற்றிருக்கும்.

மார்ச் 10, இரவு 11.00

டிரெய்னர் தன் தீர்ப்பையே மாற்றிய கதைக்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது இது.

1942, கன்சாலஸ் வழக்கு. போலீஸ் சட்டவிரோதமாகத் தேடி எடுத்த சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கலாமா? ஏற்கலாம் என்று எழுதியவர் டிரெய்னர்.

1955, கஹான் வழக்கு. சூதாட்ட வழக்கு. லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் வீட்டுக்குள் புகுந்து மைக்ரோபோன் ஒளித்து வைத்துப் பேச்சைப் பதிவு செய்தது. அதே கேள்வி. இந்த முறை, ஏற்கக் கூடாது என்று எழுதியவரும் டிரெய்னர். நான்குக்கு மூன்று. தன் பழைய தீர்ப்பைத் தானே தள்ளினார்.

ஏன் மாறினார் என்பதை மறைக்கவில்லை. வேறு வழியில் போலீஸைக் கட்டுப்படுத்தலாம் என்று நம்பியது பலிக்கவில்லை, குற்றம் செய்து கொண்டுவந்த சாட்சியத்தை வாங்கி வாங்கி நீதிமன்றமும் அந்தக் குற்றத்தில் பங்காளி ஆகிறது என்றார். பிறகு 1962இல் ஒரு கட்டுரையில் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார். இப்படிப்பட்ட சாட்சியம் ஒவ்வொரு வழக்கிலும் சாதாரணமாக வந்துகொண்டே இருந்ததைப் பார்த்தார். அப்படியானால் சட்டவிரோதத் தேடலும் சாதாரணமாக நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே பொருள்? 13 ஆண்டுகள் வழக்குக் கட்டுகளைப் புரட்டியதில் கண்ணில் பட்ட உண்மை அது.

நாம் இன்னும் கன்சாலஸ் பக்கம்தான் நிற்கிறோம். நம் உச்ச நீதிமன்றத்தின் 1973 பூரண்மல் தீர்ப்புப்படி, தேடிய முறை தப்பானாலும் சாட்சியம் பொருத்தமானதென்றால் ஏற்கலாம். அதற்கும் நியாயமான காரணங்கள் உண்டு. கஹான் தீர்ப்பால் குற்றவாளிகள் தப்புவார்கள் என்று அன்று எழுந்த கூச்சலையும் நான் லேசாக எண்ணவில்லை. ஆனால் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் ஒரே வாசகத்தில் எழுதப்பட்ட மகஜர்களை, அதாவது போலீஸ் தேடி எடுத்ததைப் பதியும் குறிப்புகளை, வரிசையாகப் படித்தவர்களுக்கு டிரெய்னரின் மனமாற்றம் புரியும்.

மார்ச் 12, மதியம் 1.30

எங்கள் தொழிலைப் பற்றி டிரெய்னர் தீர்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்ட ஒப்பந்தக்காரர் அண்ணனுக்கு: இருக்கிறது, 1958, டிரென்னன் வழக்கு. பள்ளிக்கூட வேலைக்கு டெண்டர் போட்டவர், தரை போடும் கம்பெனி போனில் சொன்ன 7,131.60 டாலரை நம்பித் தன் தொகையை எழுதினார். வேலை கிடைத்தது. மறுநாள், கணக்குத் தப்பு, 15,000க்குக் குறைந்து முடியாது என்றார்கள். வேறு ஆளிடம் 10,948.60க்கு முடித்தார். வித்தியாசம் 3,817 டாலர், அதைக் கொடு என்றார் டிரெய்னர். நீ சொன்னதை நம்பித்தான் அவர் கால் வைத்தார் என்பதே காரணம்.

மார்ச் 15, இரவு 9.45

‘இப்படியெல்லாம் தீர்ப்பு எழுதியவரை மக்கள் விட்டுவைத்தார்களா’ என்ற கேள்வி. அங்கே 12 ஆண்டுக்கு ஒரு முறை வாக்குச்சீட்டில் நீதிபதி பெயர் வரும், தொடரலாமா கூடாதா என்று மட்டும். டிரெய்னர் கடைசிவரை தொடர்ந்தார். 1986இல் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டையும் கூட இருவரையும் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் காரணம் மரண தண்டனை வழக்குகள். இந்த ஏற்பாடு நல்லதா என்பதில் என் மனசு இன்னும் ஒரு பக்கம் நிற்கவில்லை. பதில் சொல்லும் கடமை நீதிபதிக்கும் வேண்டும் என்று காலையில் தோன்றும். 1948இல் பெரஸ் தீர்ப்பை வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சாயங்காலம் தோன்றும்.

1970இல் ஓய்வு பெற்றபின் சான் பிரான்சிஸ்கோவில் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில் மறுபடி பாடம் எடுக்கப் போனார். 1983இல் பெர்க்லியில் காலமானார்.

மார்ச் 20, இரவு 8.15

மிக்ஸி ஜார் உடைந்து மருமகள் கையில் வெட்டுப்பட்டதாக எழுதியிருந்த அம்மாவுக்கு. முதலில், கை விரல்களை மடக்கி நீட்ட முடிகிறதா என்று டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், தையல் போட்டாயிற்று என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், உடைந்த துண்டு ஒன்றைக்கூட எறிய வேண்டாம். பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, மேலே தேதி எழுதிப் பரண்மேல் வையுங்கள். பிளேடு, மூடி, அட்டைப்பெட்டி, பில் எல்லாம் அதோடு. கடைக்காரர் வந்து ‘கொடுங்கம்மா, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் புதுசு வாங்கித் தர்றேன்’ என்றால், கொடுக்காதீர்கள். ஜார் கிடந்த இடத்தையும் கையையும் போட்டோ எடுங்கள். பக்கத்து வீட்டில் அதே மாடல் வைத்திருப்பவருக்கு இப்படி ஆகியிருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. நாளை கோர்ட் இருக்கிறது, மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.